பந்தல்காரருக்குப் பிறகு தாய்மாமன்

"ஒண்ணுலேருந்து பன்னெண்டு வரைக்கும் நம்பர் போட்டுட்டேம்மா!" என்றாள் அன்புமொழி, ஏதோ மலையைப் புரட்டியவள் மாதிரி.

அம்மா கார்த்திகா எட்டு வருஷம் கறம்பக்குடியில் ஒரு பிளக்ஸ் கடையில் டிசைன் போட்டவர். அந்த வேலையை விட்டுவிட்டு இப்போது சொந்தமாக டிஜிட்டல் போர்டு தொழில் தொடங்கியிருக்கிறார். தொழில் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பழைய டிவி ஒன்று, சோப்பு டப்பா அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், படம் ஏற்ற ஒரு லேப்டாப், அவ்வளவுதான்! டிவியில் படங்களை மாற்றி மாற்றிக் காட்டும் மென்பொருளுக்குக் காசே கிடையாது. அது திறமூல மென்பொருள். எங்கெங்கோ இருக்கும் பலர் சேர்ந்து எழுதி, 'எல்லாரும் எடுத்துக்கோங்க, வேண்டியபடி மாத்திக்கோங்க' என்று பொதுவில் வைத்தது.

முதல் ஆர்டர், ஒரு காதணி விழா. மண்டபத்துக்காரர் சேதுலட்சுமி அம்மாள் முன்பே கறாராகச் சொல்லிவிட்டார்.

"நல்லா இருந்தா டிவி இங்கயே இருக்கட்டும். வர்ற விசேஷத்துக்கெல்லாம் நீங்களே போடுங்க. ஆனா படத்தால ஏதாச்சும் சண்டை வந்துச்சு, சாயங்காலமே கழட்டிட்டுப் போயிரணும்."

சண்டை வருமா என்று கேட்கிறீர்களா? வரும்! விசேஷ வீட்டில் யார் படம் முதலில் என்பது சாதாரண விஷயமா? அதிலும் காதணி விழாவில் தாய்மாமன்தான் ராஜா. அவர் மடியில் உட்கார வைத்துத்தானே குழந்தைக்குக் காது குத்துவார்கள்?

அதனால் அம்மா பார்த்துப் பார்த்து வரிசை எழுதிக் கொடுத்திருந்தார். முதலில் குழந்தை, இரண்டாவது தாய்மாமன் வெற்றிசெல்வன், பிறகு மற்ற சொந்தங்கள். பத்தாவது, பந்தல் போட்ட ஆரோக்கியதாஸ். பதினொன்று, சமையல்காரர். பன்னிரண்டு, 'நன்றி வணக்கம்'. வேலை செய்தவர்கள் படமும் இருக்கட்டும் என்பது அம்மாவின் யோசனை. அந்த வரிசைப்படி ஒவ்வொரு படத்தின் கோப்புப் பெயரிலும் எண் போட்டது அன்புமொழி. காலையில் மண்டபத்தில் கரண்ட் இல்லாததால் ஓட்டிப் பார்க்க மட்டும் முடியவில்லை.

கரண்ட் வந்ததும் டிவி ஓடத் தொடங்கியது. அதே நேரம் மேளதாளத்தோடு மாமன் சீர் வாசலுக்கு வந்தது. சீர்த்தட்டுகள், வாழைத்தார், மாலை போட்ட ஆட்டுக்கிடா! முன்னால் வெற்றிசெல்வன் முறுக்கிய மீசையோடு வந்து, டிவி முன்னால் நின்றார்.

திரையில் முதலில் குழந்தை படம் வந்தது. அவர் மீசையைத் தடவிக்கொண்டார். அடுத்து, ஆரோக்கியதாஸ் வந்தார். அப்புறம் சமையல்காரர். அப்புறம் 'நன்றி வணக்கம்'. அதற்கும் பிறகுதான் வெற்றிசெல்வன் வந்தார்!

"நன்றி வணக்கம் சொல்லி எல்லாரையும் அனுப்பிட்டு, அப்புறமா நானு?" என்று கத்தினார் வெற்றிசெல்வன். திரும்பிப் போய் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். மேளம் நின்றுவிட்டது. ஆட்டுக்கிடா மட்டும் ஒரு முறை கத்தியது.

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. "நம்பர் சரியாத்தானே இருக்கு..." என்று லேப்டாப்பைத் திறந்தார். அன்புமொழியும் எட்டிப் பார்த்தாள். 1, 10, 11, 12, அதற்குப் பிறகு 2!

"அய்யோ! ஒண்ணுல ஆரம்பிக்கிறதையெல்லாம் மொதல்ல எடுத்துக்கிருச்சும்மா! ரெண்டை 02-ன்னு போட்டிருக்கணும்."  அம்மாவின் தொழில் முதல் நாளே தன்னால் போய்விடுமோ என்று அவளுக்கு அழுகை வந்தது.

அம்மா மளமளவென்று எண்களை மாற்றினார். அதற்குள் யாரோ, "அந்தப் பந்தல்காரர் படத்தைத் தூக்குங்கப்பா, மொதல்ல!" என்றார்கள்.

பக்கத்திலேயே ஆரோக்கியதாஸ் நின்றிருந்தார். டிவியில் வந்த தன் படத்தை செல்போனில் பிடித்துவைத்திருந்தார்.

"எடுத்துரு தாயி, பரவால்ல. இருபது வருஷமா பந்தல் போடுறேன், எந்த விசேஷத்துலயும் என் படத்தை யாரும் போட்டதில்ல. ஒருவாட்டி பாத்துட்டேன், அது போதும்."

அன்புமொழி நேரே வேனுக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"மாமா, தப்புப் பண்ணது நான்தான், அம்மா இல்ல. கம்ப்யூட்டருக்குத் தாய்மாமன்னா யாருன்னு தெரியாது. எனக்குத் தெரியும். அப்படி இருந்தும் நம்பரைத் தப்பாப் போட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

கண்ணாடி பாதி இறங்கியது. "பந்தல்காரர் படத்தை எடுத்தாச்சா?"

"இல்ல மாமா, எடுக்க மாட்டோம். அவரு படம் வந்ததுல தப்பில்ல, வந்த எடம்தான் தப்பு." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "நீங்க பாப்பாவை மடியில வெச்சு காது குத்துறப்ப ஒரு படம் எடுத்து, அந்த நிமிஷமே டிவில போடுறோம். பிளக்ஸ்ல அப்படிப் போட முடியுமா, சொல்லுங்க?"

வெற்றிசெல்வன் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ளத்தான் பார்த்தார். மீசை ஒத்துழைக்கவில்லை.

"மொதல்லயே வருமா?"

"மொத ஆளா நீங்கதான் மாமா!"

வேன் கதவு திறந்தது. மேளம் மறுபடி முழங்கியது.

காது குத்தும்போது குழந்தை வீல் என்று அலறியது. அம்மா சட்டென்று படம் எடுத்து டிவியில் ஏற்றினார். பார்த்தால், குழந்தையைவிட அதிகமாக அழுதுகொண்டிருந்தது தாய்மாமன்! மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. அம்மா பதறிப்போய் அதை எடுக்கப் போனார்.

"மாத்தாதீங்க, மாத்தாதீங்க! நல்லாத்தான் இருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார் வெற்றிசெல்வன். பிறகு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். "ஆரோக்கியதாஸ் அண்ணே, இங்கிட்டு வாங்க! ஒங்க பந்தலுக்குக் கீழ நாம ரெண்டு பேரும் ஒரு படம் எடுத்துக்குவோம்."

அப்புறம் என்ன? எனக்கு, ஒனக்கு என்று சித்தப்பா, பெரியம்மா எல்லாரும் படம் எடுக்க வரிசையில் நின்றுவிட்டார்கள். அம்மாவுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை.

சாயங்காலம் கூட்டம் கலைந்தது. சண்டை வந்தது வந்ததுதானே? அம்மா ஸ்டூலில் ஏறி டிவியின் திருகாணியில் கைவைத்தார்.

"அதை ஏன் கழட்டுறீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் சேதுலட்சுமி அம்மாள். "வர்ற வெள்ளிக்கெழம இங்க ஒரு வளைகாப்பு. அவங்களும் டிவி வேணுங்கிறாங்க. பொண்ணுக்கு அத்தைங்க மட்டும் ஏழு பேராம்!"

அம்மா சிரித்துக்கொண்டே ஸ்டூலிலிருந்து இறங்கினார். அவர் பதில் சொல்வதற்குள் அன்புமொழி முந்திக்கொண்டு கேட்டாள்.

"அதுல மூத்த அத்தை யாருங்க?"