சேதமறி சொன்ன காரணம்

"காரணம்: ஸ்டெல்லா" என்று சேதமறி இயந்திரம் ஒலிபெருக்கியில் அறிவித்தது. அந்த உருக்காலையில் அதற்கு மேல்முறையீடு கிடையாது. வார்ப்புப் பிரிவின் ஸ்டெல்லா தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினாள்.

அந்த இயந்திரத்தை வடிவமைத்தவள் புள்ளியியலாளர் பூங்கோதைதான். உலையின் வெப்பம், குளிர்நீரின் வேகம், யார் எங்கே நின்றார்கள் என்பதுவரை அலசி, எஃகுப் பாளங்கள் விரிசல் கண்டு வீணாவது எதனோடு சேர்ந்து வருகிறது என்று அது சொல்லும். முடிவெடுப்பது மனிதர் வேலை. அந்த வேலையையும் மேலாளர் சடகோபன் இயந்திரத்திடமே ஒப்படைத்துவிட்டார்.

கதவைத் தட்டாமலே அவர் அறைக்குள் நுழைந்தாள்.

"கோளாறான வார்ப்பு அச்சையெல்லாம் சரிபண்ண ஸ்டெல்லாவைத்தானே சார் அனுப்புறீங்க? அப்ப சேதம் ஆகுற இடத்துல அவ இருக்கத்தான் செய்வா. ஆஸ்பத்திரியிலதான் நிறைய பேர் சாகுறாங்க. அதுக்காக டாக்டரை விரட்டுவீங்களா?"

"கணக்கு பொய் சொல்லாதும்மா."

"அப்ப உங்களையும் கணக்குல சேர்க்கட்டுமா?"

"தாராளமா."

ஆத்திரத்தோடு அவருடைய நடமாட்டப் பதிவுகளைச் சேர்த்தாள். பாளம் விரிசல் கண்டபோதெல்லாம் அவர் அங்கே ஓடிப்போய் நின்றிருந்தார். மாலைக்குள் ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொன்னது.

"சேதம் ஆன பிறகுதானேம்மா நான் போனேன்!" என்று கத்தினார்.

"ஸ்டெல்லாவும் அப்படித்தான் சார்."

இனியாவது இயந்திரத்தை நிறுத்துங்கள் என்று தலைமையகத்திடம் சண்டை போட்டாள். "மேலாளரையே விடவில்லை, எவ்வளவு நடுநிலை!" என்று அவர்கள் மெச்சினார்கள். பூங்கோதை தொலைபேசியைச் சுவரில் எறிந்தாள்.

அடுத்த வாரம் ஓர் அச்சு கசிந்தது. உருகிய எஃகு தரையில் சொட்டியும் ஒருவரும் அசையவில்லை.

"ஊத்துறதை நிறுத்துங்கய்யா! எல்லாரும் சாகணுமா?"

"கிட்டப் போனா எங்க பேரு வரும்மா," என்றார் கிரேன் ஓட்டும் துரைக்கண்ணு.

அவரைத் திட்டினாள், தலைமையகத்தைத் திட்டினாள், தன்னையே திட்டிக்கொண்டாள். அனல் முகத்தில் அறைய, ஓடிப்போய் நெம்புகோலை இழுத்தாள். எஃகு நின்றது.

மூச்சு வாங்கத் திரும்பினாள். அத்தனை பேரும் சுவரோரம் ஒதுங்கி நின்று, ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.