மூன்று மணி மாத்திரை

குறட்டை நின்றுபோயிருந்தது.

கண்விழித்த ஹில்கெவுக்கு முதலில் அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஹாலந்தின் வடகோடியில் குரோனிங்கனில் ஏறியதிலிருந்து இருபத்தெட்டு மணி நேரம், ஆறு ரயில், ஏழெட்டு பிளாட்பாரம், எல்லாவற்றிலும் கணவன் ரைண்டரின் அந்தக் குறட்டையும் கூடவே வந்தது. இருக்கிறதிலேயே மலிவான டிக்கெட். படுக்கை கிடையாது, ரயிலுக்கு ரயில் ஓடி இடம் பிடிக்க வேண்டும், காலை நீட்டினால் எதிரில் இருப்பவரின் முழங்கால் இடிக்கும். பையில் மிச்சமிருந்த சீஸ் ரொட்டி வியர்த்து ஒரு மாதிரி புளித்த வாடை அடித்தது. நனைந்த கம்பளி, ஆரஞ்சுத் தோல், சீட்டுக்கு அடியிலிருந்து வரும் சூட்டுக் காற்று என்று பெட்டி முழுக்க எல்லா வாடையும் கலந்து கிடந்தது.

போய் இறங்க வேண்டிய லியூப்லியானாவில் மெட்காவும் அவள் கணவன் போருட்டும் காத்திருப்பார்கள். பதினொரு வருடத்து சிநேகிதம். "இந்த வருஷமாவது வந்து தொலைங்களேன், இல்லேன்னா நாங்க செத்தப்புறம் மாலையோட வாங்க" என்று மெட்கா போனில் திட்டியிருந்தாள். ரைண்டரின் இதய அடைப்புக்கு ஸ்டென்ட் குழாய் வைத்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. நீண்ட பயணம் வேண்டாம் என்றார் டாக்டர். ஹில்கெதான் கேட்கவில்லை. மாத்திரையைப் பெட்டியில் அடுக்கி, வேளாவேளைக்கு நானே கொடுக்கிறேன், உட்கார்ந்துகொண்டு வருவதற்கு என்ன கேடு என்று சொல்லி அவனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவனுக்கு ஒன்று ஆனால் அந்தப் பழி வேறு யார் தலையிலும் விழாது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலோரக் கொக்கியில் அவனுடைய பழுப்புக் கோட்டு தொங்கியது. ரயிலில் தூங்குகிறவர்கள் எல்லோரும் செய்வதுபோல அவனும் அதற்குள் முகத்தை நுழைத்து, வெளிச்சம் படாமல் இழுத்து மூடிக்கொண்டிருந்தான். தலை இருக்கும் இடம் மேடாகத் தெரிந்தது, தோள் இருக்கும் இடமும் தெரிந்தது.

மணி இரண்டே முக்கால். நவம்பர் மாதத்துப் பிற்பகல், மலைச்சரிவில் மூடுபனி. மூன்று மணிக்கு மாத்திரை கொடுக்க வேண்டும்.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். பெரிய மீசை, களைத்த கண்கள். அவள் போனில் இருந்த பாஸைப் பார்த்துவிட்டுக் கோட்டைப் பார்த்தார்.

"அவரை எழுப்ப வேண்டாமே," என்றாள் ஹில்கெ. "இதயத்துல ஆபரேஷன் ஆனவர். அவரோட பாஸும் என் போன்லயே இருக்கு, பாருங்க."

"தூங்கட்டும் மேடம், தூங்கட்டும். நீங்க சரியான பெட்டியிலதான் இருக்கீங்க. ஜங்ஷன்ல பின்னாடி மூணு பெட்டியைக் கழட்டிட்டாங்க, அது வேற வழி போயிருச்சு. எத்தனை பேரு தெரியாம அதுல மாட்டிக்கிட்டு அழுவாங்க தெரியுமா? வாராவாரம் இதே கூத்துதான்."

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த பெட்டிக்குப் போனார். கழற்றியபோது தான் தூங்கிவிட்டது ஹில்கெவுக்கு நினைவு வந்தது. ஒரு குலுக்கல், இரும்பு மோதும் சத்தம், யாரோ தன் காலைத் தாண்டிப் போனது எல்லாம் அரைத் தூக்கத்தில் நடந்தவை. யாரோ திரும்பி வந்து உட்கார்ந்ததும்தான்.

நல்ல வேளை, சரியான பக்கம் இருக்கிறோம் என்று அவள் பெருமூச்சு விட்டாள். கோட்டும் ஒரு மூச்சு விட்டது.

அவள் சிரித்துக்கொண்டாள். பிறகு ஏனோ கவனித்துப் பார்க்க ஆரம்பித்தாள். துணி உள்ளே போயிற்று, வெளியே வந்தது, சத்தமே இல்லாமல் மறுபடி உள்ளே போயிற்று. முப்பத்தோரு வருடமாக அவன் பக்கத்தில் படுத்தவள் அவள். அவன் மூச்சு முதலில் ஒரு இழுப்பு இழுக்கும், நடுவில் தடுக்கும், அப்புறம் மண்வெட்டியால் சரளைக்கல்லை வாருவதுபோல் வெளியே வரும். இந்த மூச்சு எங்கேயும் தடுக்கவில்லை. இவ்வளவு ஒழுங்காக அவன் ஒருநாளும் மூச்சு விட்டதில்லை. ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்தது, காது அடைத்தது, விளக்கு ஒரு கணம் மங்கிப் பிரகாசித்தது. அவள் பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கோட்டு அசைவதை நிறுத்தியது.

அவள் மூச்சை விட்டாள். அதுவும் விட்டது. வேண்டுமென்றே இரண்டு முறை சின்னச் சின்னதாக இழுத்துப் பார்த்தாள். கோட்டும் இரண்டு முறை சின்னச் சின்னதாக இழுத்தது.

அட, பைத்தியக்காரி, தூக்கம் கெட்டால் இப்படித்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். எழுப்பிவிடலாம் என்று கையை நீட்டினாள். விரல் துணியைத் தொடுவதற்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. தொட மனம் வரவில்லை. தொட்டால் ஜில்லென்று இருந்துவிட்டால்? அவன் உள்ளே செத்துக் கிடந்தால்? போருட்டிடம் என்ன சொல்வாள், மகளிடம் என்ன சொல்வாள்?

தொடுவதைவிடப் போன் அடிப்பது சுலபம் என்று தோன்றியது. அவன் சட்டைப் பையில் மணி அடித்தால் விழித்துக்கொள்வான். சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்ததும் அவன் நம்பரை அழுத்தினாள்.

அவள் காதில் மணி அடித்தது. பக்கத்தில் ஒன்றும் அடிக்கவில்லை.

"என்ன மகாராணி," என்றது ரைண்டரின் குரல், "பக்கத்துல உக்காந்துக்கிட்டே போனா? காசு அவ்வளவு கொட்டிக் கிடக்கா?"

உயிரோடிருக்கிறான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் தீர்வதற்குள் அவள் கண் பழுப்புக் கோட்டின் மேல் விழுந்தது.

"எங்க இருக்கே நீ?" என்று கிசுகிசுத்தாள்.

"உன் பக்கத்துலதான். நம்ம பெட்டி டாய்லெட் பூட்டிக் கிடந்துச்சு, பின்னாடி போயிட்டு வந்தேன். வந்து பாத்தா நீ கோட்டை இழுத்து மூடிக்கிட்டுச் செமத் தூக்கம். என் கோட்டை எங்க எடுத்து வச்சே? குளிருது."

"என்ன கோட்டை மூடிக்கிட்டு?"

"உன் பச்சைக் கோட்டுதான். என்ன ஆச்சு உனக்கு?"

பச்சைக் கோட்டு ஹில்கெவின் மடியில் இருந்தது. அதை அவள் இறுக்கிப் பிடித்தாள்.

"ரைண்டர். ஜன்னல்ல என்ன தெரியுது?"

"ஏரி. பெரிய ஏரி. எழுந்து பாரேன், நல்லாருக்கு."

அவளுடைய ஜன்னலில் கறுத்த மரங்களும் பாறையும் ஓடின. ஏரி எங்கும் இல்லை.

"நான் சொல்றதைக் கேளு," என்றாள். "ரயிலைப் பிரிச்சிட்டாங்க. நீ வேற ரயில்ல இருக்கே. பக்கத்துல இருக்கறது நான் இல்ல. எழுந்து போயிரு. அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிரு. மூணு மணி மாத்திரை என்கிட்ட இருக்கு, நான் திரும்பி வரேன்."

"மாத்திரையா? இப்பதானே குடுத்தே."

"யாரு?"

"நீதான். கோட்டுக்குள்ளேர்ந்து கையை நீட்டிக் குடுத்தியே. தண்ணிகூட இல்லாம முழுங்கிட்டேன். கசப்புன்னா அப்படி ஒரு கசப்பு."

அவள் பையைத் துழாவி மாத்திரைப் பெட்டியைத் திறந்தாள். மூன்று மணிக்கான வெள்ளை மாத்திரை அதன் அறையில் அப்படியே இருந்தது.

"துப்பு!" என்று கத்தினாள். "வாயில விரலை விட்டு வாந்தி எடு! ரைண்டர்!"

பெட்டியில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முன் சீட்டில் யாராவது இருந்தார்களா என்பதே அவளுக்கு நினைவில்லை.

"தூக்கமா வருது ஹில்கெ," என்றான். நாக்கு குழறியது. "கை மரத்துப்போச்சு. இடது கை."

"எழுந்திரு. தயவு செஞ்சு எழுந்திரு. யாரையாவது கூப்பிடு!"

போனில் துணி உரசும் சத்தம் கேட்டது. மெதுவாக. கோட்டை விலக்குவதுபோல.

"யாரு போன்ல?" என்று கேட்டாள் ஒருத்தி.

ஹில்கெவின் குரல். அதே கரகரப்பு, அதே குரோனிங்கன் இழுவை.

"தெரியல," என்றான் ரைண்டர். மிகவும் தூரத்திலிருந்து. "உன்னைப் போலவே..."

"குடு இப்படி."

பிறகு காதுக்கு மிக அருகில், ஈரமாக:

"அவர் தூங்கட்டும்."

இணைப்பு அறுந்தது. மறுபடி அழுத்தினாள். சிக்னல் இல்லை. அடுத்த சுரங்கம். இருட்டு. விளக்கு இந்த முறை எரியவில்லை. சக்கரச் சத்தம் மட்டும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் மூச்சு நிற்கவில்லை.

இழுத்தது. தடுத்தது. சரளைக்கல்லை வாரியதுபோல வெளியே வந்தது. ரைண்டரின் மூச்சு. அச்சு அசலாக. கற்றுக்கொண்டுவிட்டிருந்தது.

விளக்கு எரிந்தது.

கோட்டின் பித்தான்களுக்கு நடுவிலிருந்து ஒரு கை வந்தது. அவசரமில்லாமல். மோதிர விரலில் அவர்களுடைய கல்யாண மோதிரம். அது அவள் முன்னால் வந்து, மல்லாந்து, விரிந்தது.

"மணி மூணாச்சு, மகாராணி," என்றது கோட்டுக்குள்ளிருந்து ரைண்டரின் குரல். "மாத்திரை குடு."

உள்ளங்கை வெளிச்சத்தில் காத்திருந்தது. அதில் ஒரு ரேகைகூட இல்லை.