இரண்டு புட்டிகள்

"மூன்றாம் தடம், சாருநிலா. செங்குருதி ஊக்கி இரண்டு ஊசி, தசை மரபணுத் திருத்தம் ஒன்று, வலியடக்கி ஒட்டு ஒன்று" என்று மைக்கில் வாசித்தேன். மைதானம் கைதட்டியது. அவள் நீட்டிய விரலைக் குருதிமானி தொட்டுப் பார்த்து, சொன்னது சரி என்று பச்சை காட்டியது. அடுத்த தடத்துக்குப் போனேன்.

பாளையங்கோட்டை மைதானத்தில் பதினெட்டு வருஷமாக எனக்கு இதுதான் வேலை. எதை வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு ஓடலாம்; மறைக்கத்தான் கூடாது. பட்டியல் நீளமாக இருந்தால் கைதட்டலும் நீளும். ஒன்றுமே போடாமல் எவளாவது வந்து நின்றால், பாவம், வசதியில்லாத வீட்டுப் பிள்ளை போலிருக்கிறது என்று சனம் உச்சுக்கொட்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் ஓடிய காலத்தில் போடுவதே குற்றம். மாட்டினால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. அந்தப் பயத்தை நினைத்தால்கூட இப்போது ஏக்கமாக இருக்கிறது. விடுதியில் நானும் பெனிட்டாவும் ஒரே அறை. காலைப் பயிற்சி முடிந்ததும் ஒரு நன்னாரி சர்பத்தை இரண்டு தம்ளரில் ஊற்றிக் குடிப்போம். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

2038, மாநிலப் போட்டி, நானூறு மீட்டர். நான் தங்கம், அவள் வெள்ளி, நடுவில் கால் விநாடி. அடுத்தது ஊக்கமருந்துச் சோதனை அறை. கண்காணிக்க வந்த அதிகாரியம்மா டீ குடிக்கப் போய்விட்டார். ஓடிய களைப்பில் எனக்கு மூத்திரம் வரவில்லை என்றேன். "ஏட்டி, இங்க கொண்டா" என்று என் புட்டியையும் வாங்கி பெனிட்டாவே நிரப்பிக் கொடுத்தாள்.

முப்பத்து நாலு வருஷமாக இந்தக் கதையை அவள் ஒரு கல்யாண வீடு விடாமல் சொல்லிச் சிரித்துவந்தாள். "எம் மூத்திரத்துலதான் இசக்கி தங்கம் வாங்குனா" என்பாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைப்பேன்.

இந்த வருஷம் பழைய பதக்கங்களையும், யார் எதைப் போட்டு ஓடினார்கள் என்று காட்டும் மெய்ப்பலகையில் ஏற்றுகிறார்கள். தண்டனை இல்லை, பதக்கம் பறிபோகாது, சொன்னால் போதும். சொல்லாவிட்டால் என் பெயருக்கு நேரே 'ஒன்றுமில்லை' என்று விழும். அவள் பெயருக்கு நேரேயும் அதேதான். இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதை மட்டும் என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

முதலில் அவளிடம் தனியாகச் சொல்லிவிடத்தான் அன்று மைதான வாசலில் காத்திருந்தேன். அவள் பிளாஸ்க்கில் சர்பத் கொண்டுவந்திருந்தாள். "என்னட்டி மூஞ்சி வாடிக் கெடக்கு? நம்ம கதைய இன்னைக்கு மைக்குல சொல்லிரு. ஊரே சிரிக்கட்டும்" என்றாள். சர்பத்தை வாங்கிக் குடித்துவிட்டு உள்ளே போனேன்.

கடைசியில் மைக்கில்தான் சொன்னேன். "தங்கம், இசக்கியம்மாள். ஆண்சுரப்பு ஊசி, ஆறு வாரம்."

மைதானமே எழுந்து நின்று தட்டியது. சாருநிலா ஓடிவந்து, "அந்தக் காலத்துலயே போட்டியளா அத்தை? பெரிய ஆளுதான்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

"வெள்ளி, பெனிட்டா. ஒன்றுமில்லை" என்று வாசித்தேன். சனம் உச்சுக்கொட்டியது. நான் ஒருத்திதான் தட்டினேன்.

பெனிட்டா படியிறங்கி என்னிடம் வந்தாள். மைக்கை அணைத்தேன்.

"அன்னைக்கு ஒனக்கு மூத்திரம் வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு."

"அடக்கிக்கிட்டா நின்ன?"

"ஆமாட்டி."

அவள் ஓடுதளத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "ரெண்டாவது புட்டி நெறையணும்னு நான் ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சேன், ஒனக்காவ."

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு கல்யாணங்களுக்குச் சேர்ந்து போய்விட்டோம். அவள் அந்தக் கதையைச் சொல்லவில்லை.