அந்தப் பாடியைத் தொடாதீங்க

அண்ணன் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டான். ஆனால் குளிக்கவில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தான்.

துப்பு கதவில் காதை வைத்தாள். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்.

"அந்தப் பாடிய யாரும் தொடாதீங்க. முன்பக்கத்த நாளைக்கு நான் வந்து வெட்டுறேன்," என்றான் அண்ணன்.

துப்பு கதவிலிருந்து காதை எடுத்தாள். பாடி என்றால் பிணம். டிவியில் போலீஸ்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அண்ணன் பத்தாம் வகுப்பு. ஒரு வாரம் ஏதாவது ஓர் இடத்தில் வேலை பார்த்துவிட்டு வரும்படி பள்ளியில் சொல்லியிருந்தார்கள். பிடித்த வேலை எது என்று திங்கட்கிழமை மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் அடுத்த வருடப் பாடப்பிரிவு.

அம்மா லிஃப்ட் மெக்கானிக். "என் கையப் பாரு. எந்த சோப்புக்கும் கிரீஸ் போகல. நீயாவது ஏசி ரூம்ல உக்காரு," என்று சொல்லி, அவனை மாமாவின் கணக்கு ஆபீசுக்கு அனுப்பியிருந்தாள்.

கணக்கு ஆபீசில் எதை வெட்டுவார்கள்?

துப்பு அண்ணனின் பையைக் குடைந்தாள். தடித்த கையுறை ஒன்று கிடைத்தது. அவன் கழற்றிப் போட்ட சட்டையின் கையில் வேறு செம்பழுப்புக் கறை.

"மாமா ஆபீஸ்ல கையுறை எதுக்கு?" என்று வெளியே வந்த அண்ணனிடம் கேட்டாள்.

"ஏசி குளிருது."

"இந்தக் கறை?"

"சிவப்பு மை. போய்ப் படி."

மை இப்படியா நாறும்? அவள் அம்மாவிடம் ஓடினாள். ஆனால் அம்மா அந்தச் சட்டையைத் துவைக்க எடுத்து, முகர்ந்து பார்த்தாள். அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். பேசாமல் போய்விட்டாள். வாய் ஓயாத அம்மா பேசாமல் போனால் அதுவும் சந்தேகத்துக்கு இடமானதுதான்.

மறுநாள் துப்புவுக்கு அரைநாள் பள்ளி. மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்த அண்ணன் திரும்பக் கிளம்பியதும் பின்னாலேயே போனாள். மாமாவின் ஆபீஸ் வந்தது. அவன் அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. ஒரு சந்தில் நுழைந்து, பெரிய தகரக் கதவுக்குள் மறைந்தான்.

உள்ளே ஏதோ கிறீச்சிட்டது. முகமூடி போட்ட ஓர் உருவம் வெளியே வந்தது. முகமூடியைத் தூக்கியதும் அது ஓர் அக்கா.

"யாரும்மா? என்ன வேணும்?"

"பாடி... இங்கதான் இருக்கா?"

"நாலஞ்சு இருக்கு. முடிச்சதப் பாக்குறியா, எலும்புக்கூடா நிக்கிறதப் பாக்குறியா?"

துப்பு ஓடப் பார்த்தாள். ஆனால் அண்ணனை விட்டுவிட்டு எப்படி ஓடுவது?

"எங்க அண்ணன விட்டுடுங்க. அவன் சின்னப் பையன்," என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அக்கா விழித்தாள். பிறகு அவளைக் கையோடு உள்ளே கூட்டிப்போனாள். அங்கே சக்கரங்கள் இருந்தன, ஸ்டியரிங் இருந்தது. அவற்றுக்கு மேலே செம்பழுப்புத் துரு படிந்த வெறும் இரும்புக் கம்பிகள்தான். தோல் போர்த்தாத ஒரு பஸ். அதன் முன்பக்கத்துக்கு அண்ணன் தகடு வெட்டிக்கொண்டிருந்தான்.

"பஸ்ஸோட கூடுதான் பாடி. அத இங்க கட்டுறோம்," என்றாள் வெல்டர் அக்கா.

துப்புவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே கோபமும் வந்தது. "ஏன் பொய் சொன்ன?" என்று அண்ணன் மேல் பாய்ந்தாள்.

"மாமா ஆபீஸ்ல முத நாள் பூரா ஜன்னல் வழியா பஸ்ஸத்தான் பாத்தேன். பள்ளியில வேற இடம் போட்டுட்டாங்கன்னு மாமாகிட்ட சொல்லிட்டு இங்க வந்துட்டேன். அம்மாகிட்ட சொன்னா உடனே அவங்க கையக் காட்டுவாங்க. தயவுசெஞ்சு சொல்லிடாத."

"நானா சொல்ல மாட்டேன். கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்," என்றாள் துப்பு. அப்போதுதான் அவளுக்கு அம்மாவின் பார்வை நினைவுக்கு வந்தது. "அம்மாவுக்கு ஏற்கனவே சந்தேகம். இன்னைக்கே நீயே சொல்லு. ஆனா முதல்ல நான் ஆரம்பிக்கிறேன்."

மாலையில் அம்மா வந்ததும் துப்பு கேட்டாள். "அம்மா, அண்ணன் எங்க போறான்னு நீ நெனைக்கிற? மறைக்காம சொல்லு."

அம்மாவின் முகம் வெளுத்தது. "போன்ல பேசுனத நானும் கேட்டேன். பொணம் அறுக்குற எடத்துக்குப் போறான் போலன்னு... ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

"பஸ் பாடிம்மா. பஸ் கட்டுறேன்," என்றான் அண்ணன்.

அம்மா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "பஸ்ஸா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "பொய் சொன்னதுக்கு."

பிறகு சிரிப்பு நின்றது. அவனுடைய உள்ளங்கையைத் திருப்பி, கொப்புளத்தைத் தடவினாள். "இந்தக் கை உனக்கு வேணாம்னுதான்டா..."

"எனக்குப் பிடிச்சிருக்கும்மா. பஸ்ஸ வரைஞ்சு, கணக்குப் போட்டு, அப்புறந்தான் கட்டுறாங்க. அதுக்குப் படிப்பு இருக்காம். அதத்தான் மிஸ்கிட்ட கேக்கப் போறேன்."

அம்மா அவன் கையை விட்டாள். "நாளைக்கு நான் வந்து பாக்கணும்," என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. பட்டறைக்குள் வந்த அம்மா முதலில் சந்தேகமாகத்தான் சுற்றிப் பார்த்தாள். ஒரு கம்பியைத் தட்டினாள். பிறகு குனிந்து பஸ்ஸுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இந்த இணைப்ப ஏன் இப்படிப் போட்டிருக்கீங்க?" என்று அண்ணன் வெல்டர் அக்காவிடம் கேட்டான். அந்தக் கேள்வியைக் கேட்டு அம்மா நிமிர்ந்து அவனையே பார்த்தாள்.

"திங்கக்கெழம மிஸ்கிட்ட கூச்சப்படாம கேளு," என்றாள்.

சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு அடியில் நுழைந்தவள்தான். அம்மாவை வெளியே வரவைப்பதற்குள் துப்புவுக்கும் அண்ணனுக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது.