வேண்டாம் என்ற சொல்

மூன்றாவது தடவையும் அதே இடத்தில்தான் பொரிந்தது.

வைதேகி ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பதிவைப் பின்னுக்கு இழுத்துத் திரும்பக் கேட்டாள். 'காற்றுச் சோதனை முடியும்வரை தொட்டிக்குள் இறங்க' என்பதுவரை அவளுடைய குரல் தெளிவாக வந்தது. அடுத்த சொல் தொடங்க வேண்டிய இடத்தில், காய்ந்த எண்ணெயில் ஈரக் கறிவேப்பிலை விழுந்ததுபோல ஒரு படபடப்பு. அதன் பின் ஒரு கணம் எதுவுமே இல்லாத வெறுமை. கடைசியில் 'ம்' என்ற வால் மட்டும். 'வேண்டாம்' என்று அவள் சொல்லியிருந்தாள். அந்தச் சொல்லைக் காணவில்லை.

சிங்கப்பூரின் டன்லப் ஸ்திரீட்டில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே அவள் வாடகைக்கு எடுத்திருந்த சின்ன அறை அது. எதிரொலி வராமல் இருக்கச் சுவர் முழுக்கக் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தாள். பிற்பகல் மூன்று மணிதான் ஆகியிருந்தது என்றாலும், வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்ததால் விளக்கைப் போட வேண்டியிருந்தது. கீழேயிருந்து பெருங்காயமும் காய்ந்த மிளகாயும் கலந்த நெடி மரப்படி வழியாக ஏறி வந்து, போர்வைகளின் பழைய ஈர வாடையோடு சேர்ந்து அறையிலேயே தங்கிக் கிடந்தது.

அவள் குரல் கொடுப்பவள். மருந்துக் கடை விளம்பரம், கிளினிக் அறிவிப்பு என்று எது வந்தாலும் படிப்பாள். துவாஸில் கப்பல் கட்டும் ஒரு ஷிப்யார்டில் புதிதாக வேலைக்கு வருகிற ஊர்ப் பையன்களுக்குப் போட்டுக் காட்டும் பாதுகாப்பு வீடியோவுக்கும் அவள்தான் தமிழ்க் குரல். மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் சிவப்பு இன்டர்ஃபேஸ் பெட்டியைப் பார்த்தபடி, அந்த வேலையைக் கொண்டுவருகிற ரவூப்பைப் போனில் கூப்பிட்டாள்.

"ரவூப்ணே, இன்டர்ஃபேஸ் ரொம்பப் படுத்துது. நடுவுல நடுவுல சவுண்டு கட்டாகுது."

"கேபிள மாத்திப் பாத்தியா?"

"மாத்திட்டேன்."

"யூஎஸ்பி ஹப்புல போட்டிருக்கியா? அத எடுத்துட்டு நேரா லேப்டாப்ல சொருகு. பஃபர் சைஸ ஏத்து. வைஃபைய ஆஃப் பண்ணு. அப்பவும் வந்தா சேம்பிள் ரேட்டப் பாரு, மைக் பாக்ஸ் ஒண்ணுலயும் லேப்டாப் ஒண்ணுலயும் ஓடும். ஆனா அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடு லா. இன்னும் போன வருஷ வீடியோவத்தான் ஓட்டிட்டு இருக்காங்களாம். நாளைக்குப் புது பேட்ச் வருது."

அவள் பதிவை மறுபடி அந்த இடத்துக்கு இழுத்தாள்.

"வைதேகி? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்ணே. அனுப்பிடறேன்."

போன வருஷமும் இதே வரி. அன்றைக்கும் இந்தப் பெட்டி இதே சொல்லில்தான் சொதப்பியது. அவசரத்தில் மறுபடி படிக்காமல், பக்கத்து வாக்கியம் ஒன்றிலிருந்து ஒரு சொல்லை வெட்டி அந்த ஓட்டையில் ஒட்டி அனுப்பிவிட்டாள். இரண்டு நாள் கழித்துத் தற்செயலாகக் கேட்டபோதுதான் தெரிந்தது, ஒட்டியது 'வேண்டும்' என்று. தொட்டிக்குள் இறங்க வேண்டும். படத்தில் பெரிய சிவப்புக் குறி இருக்கிறதே, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்று வாரம் கழித்து, ரத்னவேல் என்ற பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன், வேலைக்குச் சேர்ந்த நாலாம் நாள், கப்பலின் அடித்தொட்டிக்குள் தனியாக இறங்கி, காற்றில்லாமல் ஏணிக்குக் கீழேயே செத்துக் கிடந்தான். ரவூப்தான் சொன்னார். "யாரக் கேட்டு எறங்கினான்னே தெரியல" என்றார். அவள் உச்சுக்கொட்டினாள். வேறு எதுவும் சொல்லவில்லை, அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி.

இன்றைக்குச் சரியாகச் சொல்லிவிட்டால் போதும். அந்த ஒரு சொல்.

ஹப்பைக் கழற்றிவிட்டு, சிவப்புப் பெட்டியின் வயரை நேராக லேப்டாப்பில் சொருகினாள். படித்தாள். கேட்டாள். படபடப்பு குறைந்திருந்தது, ஆனால் அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. மைக்குக்கு மிக அருகில் யாரோ மூச்சை இழுக்க முயன்று, பாதியில் நின்று, மறுபடி முயல்வதுபோல. தன் மூச்சாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு தடவை வெறுமனே பதிவு செய்தாள். அந்த மூச்சு அதிலும் இருந்தது.

பஃபரை ஏற்றினாள். ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்ப லேப்டாப்புக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கொடுப்பதுதான் அது. பொதுவாக அதிலேயே கோளாறு அடங்கிவிடும். இப்போது பொரிதல் நீண்டது. தனித்தனியாகப் பிரிந்தது. இரும்பில் நகம் கீறும் ஒலி. மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே. நிதானமில்லாமல்.

கைகளைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வைஃபையை அணைத்தாள். சார்ஜரைப் பிடுங்கினாள். ஒலியை நொடிக்கு எத்தனை தடவை அளப்பது என்ற சேம்பிள் ரேட்டைப் பார்த்தாள். ரவூப் சொன்னது சரி, பெட்டியில் ஒன்றும் லேப்டாப்பில் வேறொன்றும் இருந்தன. இரண்டையும் ஒன்றாக்கினாள். வரியைப் படித்தாள். கேட்டாள்.

பொரிதலே இல்லை.

ஒலி அவ்வளவு சுத்தமாக இருந்தது. 'தொட்டிக்குள் இறங்க' என்று அவள் குரல் வந்து நின்ற இடத்தில், அந்த வெறுமைக்குள்ளிருந்து, மரியாதையான, சின்ன வயசுக் குரல் ஒன்று கேட்டது.

"எறங்கவாக்கா?"

அவள் குரல் பதில் சொன்னது. "ம்."

வைதேகி பதிவை அழித்தாள். மறுபடி படித்தாள்.

"எறங்கவாக்கா?"

"ம்."

அந்த வாலை வெட்டி எறிந்தாள். புதிதாகப் பதிவு செய்தாள். இம்முறை வரியைப் படிக்கவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த ஒரு சொல்லை மட்டும் சொன்னாள். வேண்டாம். வேண்டாம். வேண்டாம் தம்பி, எறங்காத. தொண்டை கிழியக் கத்தினாள். திரையில் ஒலியளவைக் காட்டும் பச்சைக் கோடு அசையவே இல்லை. அவள் வாயை மூடிய பிறகுதான் அசைந்தது. மெல்ல. ஏறி இறங்கி. மூச்சு விடுவதுபோல.

வயரைப் பிடுங்கினாள்.

கோடு அசைந்துகொண்டே இருந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றி வீசிவிட்டு எழுந்தாள். வெளியே மழை ஓவென்று கொட்டிக்கொண்டிருந்தது. கீழே கடையில் யாரோ சிரித்தார்கள். மனிதர்கள் இருக்கிறார்கள். கீழே போய்விடலாம். அவர்கள் நடுவில் நின்றுகொண்டு ரவூப்புக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். போன வருஷத்திலிருந்து, எல்லாவற்றையும்.

கதவை நோக்கி ஒரு அடி வைத்தாள். மழை நின்றது.

நிற்கவில்லை. அறுந்தது. ஒரு கணம் மழை இல்லை, சிரிப்பு இல்லை, அவளுடைய நெஞ்சடிப்புகூட இல்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வந்தன. கதவை நோக்கிப் போனவள் இப்போது அறையின் நடுவில் நின்றாள். எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. காலணி இல்லாத பாதங்களின் கீழே தரை ஈரமாக இருந்தது. துரு நாற்றம்.

மறுபடி அறுந்தது.

மழை வந்தபோது அவள் உட்கார்ந்திருந்தாள். கால்கள் கீழே தொங்கின. தரையில் வட்டமாக ஒரு வாய் திறந்திருந்தது. அதன் விளிம்பில் கனத்த இரும்பு வளையம். உள்ளேயிருந்து எழுந்த காற்றில் காற்றே இல்லை. கடையில் இருப்பவர்களைக் கூப்பிட வாயைத் திறந்தாள். அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

அறுந்தது.

பாதம் ஒரு கம்பியின் மேல் இருந்தது. கைகள் ஏணியைப் பிடித்திருந்தன. விட முயன்றாள். விரல்கள் இன்னும் இறுகின.

அறுந்தது.

அடுத்த கம்பி. தலைக்கு மேலே வட்டமாக வெளிச்சம். அதில் அவளுடைய மேஜையின் ஓரம் தெரிந்தது.

அறுந்தது.

வட்டம் ஒரு தட்டு அளவு. மழை எங்கேயோ தூரத்தில்.

அறுந்தது.

ஒரு காசு அளவு.

கீழே, இருட்டில், யாரோ ஒருவர் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். பல பேர் நகர்ந்ததுபோல இருந்தது. காலால் துழாவினாள். அடுத்த கம்பி தட்டுப்படவில்லை. அப்போது ஈரமான, சில்லென்ற ஒரு கை அவளுடைய கணுக்காலை மெதுவாகப் பிடித்து, பொறுமையாக, கம்பியின் மேல் எடுத்து வைத்தது.

"பாத்துக்கா. இங்க வைங்க."