தாடையை லேசா தூக்குங்க

ஸ்டூடியோ சுவரில் இருந்த அத்தனை பேரும் தலையை இடது பக்கமே சாய்த்திருந்தார்கள். மணப்பெண், தொப்பி வைத்த போலீஸ்காரர், பல் முளைக்காத குழந்தை என்று யாரும் பாக்கியில்லை. சாய்வும் எல்லோருக்கும் ஒரே அளவு. அதைக் கண்டுபிடித்தது பத்து வயது மகள்தான்.

"அம்மா, எல்லாருக்கும் கழுத்து சுளுக்கிக்கிட்ட மாதிரி இருக்குல்ல?"

"சும்மா இருடி. போட்டோக்காரர் காதுல விழப்போகுது."

அம்மாவுக்குத் தன் கவலை. கேமராவைக் கண்டாலே கை கால் விறைத்துப் போகிற ஜென்மம் அவள். கல்யாண ஆல்பத்தில்கூடப் பேயறைந்த மாதிரிதான் நிற்பாள். "உன்னைப் போட்டோ எடுக்கணும்னா மயக்க ஊசி போட்டாதான் முடியும்" என்று கணவன் இன்றைக்கும் கேலி செய்வான். பதினெட்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் திங்கட்கிழமை தலைமையாசிரியை ஆகிறாள். பள்ளி வரவேற்பறையில் மாட்ட அவள் படம் வேண்டுமாம். "அந்த போட்டோக்காரர்கிட்ட போங்க டீச்சர், எப்பேர்ப்பட்டவங்களும் சகஜமா உட்கார்ந்துடுவாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"அம்மா உள்ள போயிட்டு வரேன். இங்கேயே இரு. உன்னைக் கூப்பிட்டா அவர் சொல்றபடி கேக்கணும், ஆடாம அசையாம நிக்கணும், தெரிஞ்சுதா?"

உள்ளே ஜன்னலே இல்லை. வெளியே மத்தியான வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, கறுப்புத் திரைகள் தொங்கிய அந்த அறையில் மட்டும் ஏசியின் முனகலும், முகப்பவுடர் வாசனையும், அதற்கு அடியில் ஈரத்துணியை மூட்டை கட்டி மறந்துவிட்டதுபோல ஒரு புழுங்கல் நாற்றமும் நிறைந்திருந்தன. கேமராவுக்குப் பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி. தன் முகத்தை அதில் பார்த்தாள். வழக்கம்போல இடிச்ச புளி. வாசல் பெஞ்சில் மகள் காலை ஆட்டி ஆட்டித் தட்டும் சத்தம் மட்டும் திரையைத் தாண்டி வந்து கொஞ்சம் தைரியம் கொடுத்தது. டக். டக்.

போட்டோக்காரர் பூப்போலப் பேசினார். "கேமராவ மறந்துடுங்க மேடம். தாடையை மட்டும் லேசா தூக்குங்க." கிட்டே வந்து, "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று இரண்டு விரலால் அவள் தாடையைத் தொட்டு இடது பக்கம் சாய்த்துவிட்டு, கேமராவுக்குப் பின்னால் போனார்.

விரல்கள் போகவில்லை.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிய பிறகும் மூக்கில் அதன் கனம் இருக்குமே, அப்படித்தான் இதுவும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் இந்த விரல்கள் சில்லென்று இருந்தன. மெல்ல அழுத்தின.

"தோளைத் தளர விடுங்க."

யாரோ அவள் இரண்டு தோளையும் பிடித்துக் கீழே இறக்கினார்கள். கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. போட்டோக்காரரின் கைகள் இரண்டும் கேமராவின் மேல்தான் இருந்தன.

"இப்ப லேசா ஒரு சிரிப்பு."

உதட்டின் இரண்டு ஓரத்திலும் இரண்டு கட்டைவிரல்கள் பதிந்தன. மேலே ஏற்றின. கண்ணாடியில் ஒருத்தி நிம்மதியாக, கம்பீரமாகச் சிரித்தாள். ஐயோ, எவ்வளவு அழகு! ஒரே ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு எழுந்திருக்கப் பார்த்தாள்.

முடியவில்லை. போதும் என்று சொல்லப் பார்த்தாள். வாய் சிரித்துக்கொண்டே இருந்தது. சுவரில் பார்த்த அந்தக் குழந்தையின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. அதன் வாயோரத்திலும் இப்படித்தான் இரண்டு சின்னக் குழிகள்.

"பிரமாதம் மேடம். அப்படியே இருங்க. பாப்பாவையும் பக்கத்துல நிறுத்தி ஒண்ணு எடுத்துடலாம்." குரலை உயர்த்தினார். "பாப்பா, உள்ள வாம்மா."

பெஞ்சில் சத்தம் நின்றது.

வராதே. கண்ணே, வராதே. ஓடிடு.

திரை விலகியது. "அம்மா! சூப்பரா இருக்க நீ! அப்பா நம்பவே மாட்டார்!"

மகள் வந்து ஒட்டி நின்றாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. ஆடவில்லை. அசையவில்லை. தாயின் கண்ணில் நீர் திரண்டது. அது விழுவதற்குள் ஒரு விரல் வந்து பதமாகத் துடைத்துவிட்டது.

"பாப்பா, தாடையை லேசா தூக்கும்மா."

அவர் கைகள் கேமராவின் மேல் இருந்தன. இரண்டும்.

கண்ணாடியில் மகளின் முகம் மெல்ல இடது பக்கம் சாய்ந்தது.

"அம்மா... யாரும்மா என்னைப் பிடிக்கிறது?"

அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பயமா இருக்கும்மா. விடச் சொல்லு. அம்..."

வார்த்தை பாதியில் நின்றது. கண்கள் மட்டும் அகல விரிந்திருக்க, மகளும் சிரிக்கத் தொடங்கினாள்.