தெளிந்த வெள்ளம்

புதுவெள்ளம் கடலில் சேரும் நாளில் மணல்மேட்டுக் குப்பத்தில் யாரும் வலையைத் தொடுவதில்லை. ஊரே முகத்துவாரத்தில் கூடி நின்று செந்தண்ணியைப் பார்க்கும். அந்தச் செம்மண் கலங்கலில் தழைக்கும் பாசியைத் தின்றுதான் இறால் பெருகும். அந்த ஆண்டும் நின்றார்கள். அணையிலிருந்து வெள்ளம் சொன்ன நாளில், சொன்ன அளவில் வந்தது. ஆனால் அடிமணல் தெரியுமளவு தெளிவாக இருந்தது.

மேலே அணையில் பொருத்திய சத்துப்பிடிப்பான், ஆற்றிலிருந்த பாஸ்பரஸ், நைட்ரஜன், வண்டல் அத்தனையையும் வழித்தெடுத்துக் குழாய் வழியே வயல்களுக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. கடலில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று மேடைக்கு மேடை முழங்கிய நாடல்லவா? தண்ணீரோடு நிற்காமல் அதிலிருந்த சத்தையும் மிச்சம் பிடித்துவிட்டார்கள்.

அந்த இயந்திரத்தை வடிவமைத்த வேந்தன் குப்பத்துப் பிள்ளைதான். வருடா வருடம் வெள்ளம் வரும் என்ற அவன் வாக்கை வீடுவீடாகச் சொல்லி, அணை ஒப்பந்தத்துக்கு ஊரைச் சம்மதிக்க வைத்தவள் அவன் அக்கா அஞ்சலாட்சி. கரையில் நின்றபடியே அவனைப் போனில் அழைத்தாள்.

"தண்ணி வெறுந்தண்ணியா வருதே தம்பி. செந்தண்ணி எங்கடா?"

"வெள்ளம் விடுறேன்னுதானேக்கா சொன்னேன். மண்ணு விடுறேன்னு சொல்லலையே."

அவள் அழைப்பைத் துண்டித்தாள். வேற்றாள் ஏமாற்றியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். கூடப் பிறந்தவன் வார்த்தையை அளந்து கொடுத்து, அவள் வாயாலேயே ஊரை ஏமாற்றியிருக்கிறான்.

முதலில் இறால் நின்றது. பிறகு மீன். படகுகள் மணலில் காய்ந்து வெடித்தன. அஞ்சலாட்சியை யாரும் ஏசவில்லை. குழாயடிக்கு அவள் வந்தால் பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

சில ஆண்டுகள் கழித்து வேந்தன் நேரிலேயே வந்தான். ஆள் பாதியாகியிருந்தான்.

"வயலெல்லாம் உப்புப் பூத்துக் கெடக்குக்கா."

செடி தண்ணீரைக் குடிக்கும், வெயிலும் தண்ணீரைத் தூக்கும். பாய்ச்சிய தண்ணீரிலிருந்த உப்பை யாரும் தூக்குவதில்லை. அதைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஆறு இருந்தது.

"மதகை முழுசாத் தெறந்து, பெருவெள்ளம் விட்டு வயலக் கழுவணும். பழையபடி செந்தண்ணியாவே வரும். ஆனா ஊருக்குள்ள தண்ணி ஏறிடும்னு, குப்பம் சம்மதிக்காமப் பெருவெள்ளம் விடக் கூடாதுன்னு அன்னைக்கு ஒப்பந்தத்துல நாந்தான் போட்டேன். உங்களுக்கு நம்பிக்கை வரணும்னு. நீ சொன்னா ஊரு கேக்கும்க்கா."

இந்த முறை அவன் சொல்வது நிஜம் என்று அவளுக்குத் தெரிந்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டு, கடலுக்காக, அதே வாசல்களில் மறுபடி ஏறி இறங்கினாள்.

"தம்பி சொன்னானாக்கும்" என்றார்கள். அதற்குமேல் யாரும் காது கொடுக்கவில்லை. கடைசி வீட்டில் கதவே திறக்கவில்லை.

வேந்தன் கரையில் காத்திருந்தான்.

"என்னக்கா சொன்னாங்க?"

"தண்ணில இருந்தத மட்டுமாடா வடிகட்டின?" என்றாள். "எம்பேச்சுல இருந்த சத்தையும் எடுத்துட்ட. அத எந்தக் குழாய் வழியா திருப்பி அனுப்புவ?"